முப்பது அடி கூடுதல்

பாடாலூரில் ரோட்டோரம் இருக்கிறது வேல்முருகனின் வெல்டிங் பட்டறை. அங்கே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணை லாரிக்காரர்கள் முதலில் நம்பவில்லை. "நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று வேல்முருகனிடமே கேட்பார்கள். "அது சொன்னா சரியாத்தான் இருக்கும். நானே அதுகிட்ட ஜெயிச்சதில்ல" என்று அவன் சிரிப்பான். 'அது' என்றது அவன் மனைவி மணிமொழியை. குன்னத்தில் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தே அவளை மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கவைத்தார்கள் அவளைப் பெற்றவர்கள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல், ஏழு வருஷம் பட்டறையில் அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம்தான் சென்னையில் ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. கடலுக்கடியில் கிடப்பதை அளந்து படம் போட்டுக் கொடுக்கிற கம்பெனி. முக்குளிப்பவர்கள் அளவை அனுப்புவார்கள். இவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். ஐந்தரை மாதம் ஒரு குறையும் இல்லை. அப்போது வந்து சேர்ந்தது அந்தக் கப்பல்.

பெயர் மேரி ஆஷ்டன். இரும்பை விட்டுவிட்டு எஃகில் கப்பல் கட்டத் தொடங்கிய புதிதில், 1883இல், இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரையில் கட்டிய சரக்கு நீராவிக் கப்பல். பருத்திப் பொதி ஏற்றிப் பல வருஷம் ஓடியது. கடைசியில் தண்டவாளம் ஏற்றி வந்தபோது, நம் கரைக்குப் பக்கத்தில் இரண்டாக உடைந்து மூழ்கியது. மாலுமிகள் கவனமில்லாமல் மணல்திட்டில் மோதவிட்டார்கள் என்று அன்றைக்கு விசாரணையை முடித்துவிட்டார்கள். செத்தவன் எழுந்து வந்து இல்லையென்று சொல்லவா போகிறான்?

பழைய காகிதங்களில் கப்பலின் நீளம் இருநூற்றுப்பத்து அடி. மணிமொழி வரைந்து முடித்தபோது இருநூற்று நாற்பது அடி வந்தது.

மேனேஜர் பாலசுந்தரம் போனிலேயே குதித்தார். "தண்ணிக்குள்ள கிடந்து கப்பல் வளருமாம்மா? முக்குளிச்ச அந்தத் தமிழரசன் டேப்பை எங்கயோ நழுவவிட்டுட்டு அளந்திருக்கான். எல்லாத்தையும் இருநூத்திப்பத்துக்குள்ள கொண்டுவந்து வெள்ளிக்கிழம அனுப்பு. அவனை இனிமே கூப்பிடப்போறதில்ல."

செய்துவிடலாம், அரைமணி வேலை. அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. முக்குளித்து அளந்த தமிழரசனையே போனில் பிடித்தாள்.

"ஒரே கலங்கல் மேடம். கண்ணு தெரியல, கையால தடவித்தான் அளந்தேன். அதனாலதான் ரெண்டு தடவ அளந்தேன்" என்றான்.

மறுபடி உட்கார்ந்து ஒவ்வொரு அளவாகப் பார்த்தாள். கப்பலின் விலாச் சட்டங்கள் எல்லாம் இருபத்துநாலு அங்குலத்துக்கு ஒன்று. நடுவில் மட்டும் அடுத்தடுத்துப் பதினாலு இடைவெளிகள் இருபத்தாறு அங்குலம். அந்தப் பதினாலையும் கூட்டினால் முப்பது அடி. கை நழுவியவன் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் தப்புச் செய்வான். இப்படி வரிசை கட்டியா செய்வான்?

வீட்டு வாசலிலேயே இருக்கும் பட்டறையில் வேல்முருகன் ஒரு லாரியின் அடிச்சட்டமான சேஸை நடுவில் அறுத்து, நீளம் கூட்டிக்கொண்டிருந்தான். பருத்தி ஏற்றுகிறவர்கள் கேட்கிற வேலை. லாரிக் கம்பெனிக்காரன் போட்ட ஓட்டைகள் ஓர் அளவில் இருக்கும், நடுவில் புதிதாகச் சேர்த்த துண்டில் பட்டறைக்காரன் அளவு. மணிமொழி எத்தனை வண்டியில் அளந்திருக்கிறாள்! எழுந்து ஓடினாள்.

கப்பலையும் இப்படித்தான் வெட்டி நீட்டியிருப்பார்கள் என்று அவள் சொன்னதைக் கேட்டு அவன் கண்ணாடியைக் கழற்றினான். "எங்க ஒடஞ்சிருக்கு?"

"அந்தப் பதினாலு முடியுற எடத்துல."

"பின்ன? பருத்திக்குன்னு நீட்டுன வண்டியில சிமெண்டை ஏத்துனா அரியலூர் தாண்டுமா? ஒட்டுப் போட்டவன் பட்டை போடாம விட்டிருக்கமாட்டான். தகட்டு மேல தகடு இருக்கான்னு பாக்கச் சொல்லு."

"கப்பல் என்ன லாரியா?" என்று அவள் போனில் சொன்னதைக் கேட்டுச் சீறினார் பாலசுந்தரம்.

"தெரியாது சார். ஒரே ஒரு தடவ எறங்கிப் பாக்கச் சொல்லுங்க. பட்டை இல்லன்னா நானே வேலைய விட்டுப் போயிடுறேன்."

சொல்லிவிட்டாள். இதுவும் போனால் வாங்கிய டிப்ளமோவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டியதுதான்.

"நாளைக்குக் காலைல. ஒரே தடவதான்" என்று அவர் போனை வைத்தார்.

மறுநாள் சோறு குழைந்துவிட்டது. வேல்முருகன் ஒரே இடத்தில் இரண்டு முறை பற்றவைத்து, தன்னையே திட்டிக்கொண்டான். பதினொரு மணிக்குப் போன் அடித்தது.

"இருக்கு மேடம்!" தமிழரசனுக்கு மூச்சு வாங்கியது. "தகட்டு மேல தகடு, ரெண்டு பக்கமும். ரிவிட்டு ரெண்டு வரிச. அதை ஒட்டித்தான் ஒடஞ்சிருக்கு."

மணிமொழி போனை வேல்முருகனிடம் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் கம்பெனிக்கு இந்தக் கப்பலை அளக்கும் வேலையைக் கொடுத்தவர்களே இங்கிலாந்தில் பழைய இன்சூரன்ஸ் பதிவேடுகளைப் புரட்டினார்கள். கட்டி ஏழு வருஷம் கழித்து, கப்பலை நடுவில் வெட்டி முப்பது அடி நீட்டியதாக ஒரே ஒரு வரி இருந்தது. இத்தனை வருஷம் அதை யாரும் தேடவில்லை. உடைந்த காரணம் என்ற இடத்தில், ஒட்டுப் போட்ட இடம் தண்டவாளத்தின் பாரம் தாங்கவில்லை என்று மணிமொழி எழுதினாள். மாலுமிகள் மேல் தப்புச் சொல்ல அளவுகளில் ஒன்றும் இல்லை என்றும் சேர்த்தாள்.

படம் அனுப்ப வேண்டிய அன்று பாலசுந்தரம் கூப்பிட்டார். குரலில் பழைய சீற்றம் இல்லை.

"அளந்தவர் தமிழரசன், வரைந்தவர் மணிமொழின்னு போட்டாச்சும்மா. ஒண்ணாம் தேதியிலேருந்து ரெண்டு பேரும் பெர்மனென்ட்." கொஞ்சம் தயங்கினார். "சரிபார்த்தவர்னு ஒரு எடம் இருக்கு. அதுல எப்பவும் என் பேரத்தான் போடுவேன். இதுல நான் எங்க சரிபார்த்தேன்? போட்டுக்கவாம்மா?"

"போட்டுக்குங்க சார்" என்று சொல்வதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.