தரையைத் தொடாத வீணை

காரேவாடி பாதயாத்திரைக் குழுத் தலைவர் பாண்டோபா காட்கே அவர்களுக்கு, தத்தோபா ஷெள்கே எழுதிக்கொள்வது.

சென்ற ஆண்டு ஆஷாட ஏகாதசியன்று பண்டரிபுரத்தில் யாத்திரை முடியும்வரை தரையில் படக் கூடாத குழுவின் வீணை கீழே வைக்கப்பட்டதாகவும், அதனால் யாத்திரை பங்கப்பட்டதாகவும் 2018 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை நடந்த பொதுக்கூட்டம் தீர்மானித்தது. அத்தீர்மானம் உண்மைக்கு மாறானது. வீணை தரையைத் தொடவில்லை. அது தோண்டாபாய் மாருதி கோரேயின் கழுத்தில் இருந்தது.

வீணை சுமக்கும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்ததைப் பற்றி இங்கே நான் வாதாடவில்லை. அதற்குத் தனி மனு கொடுத்துள்ளேன். பதிவுத் தபால் ரசீது என்னிடம் இருக்கிறது. தீர்மானத்தில் தோண்டாபாய் 'ஒரு பெண்' என்று மட்டுமே குறிக்கப்பட்டிருப்பதால், அவர் யார் என்று எழுத வேண்டியிருக்கிறது.

அவர் வெங்காயக் காட்டில் களை எடுப்பவர். கணவர் மாருதி இறந்த மறு ஆண்டு, தலையில் துளசி மாடத்தைச் சுமந்துகொண்டு நம்மோடு நடக்கத் தொடங்கினார். பண்டரிபுரத்துக் கோபுரக் கலசம் கண்ணில் பட்டதும் செருப்பைக் கழற்றி மூட்டையில் முடிந்துவிடுவார். ஊர் எல்லையைத் தாண்டித் திரும்பும்வரை அதை அவிழ்க்க மாட்டார். பக்தியில் குறைவில்லாதவர் என்றாலும் விட்டலனைப் பற்றி அவர் பேசும் விதமே வேறு. "இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிறானே, நாள் பூரா களை புடுங்கி நிமிந்தா நானும் அப்பிடித்தான் நிப்பேன். அவன் எந்தக் காட்டுல புடுங்குனானோ" என்பார்.

விட்டலனின் பாதங்களை அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. ஏகாதசி வரிசை ஓர் இரவையும் ஒரு பகலையும் விழுங்கும். மூட்டைகளைக் காக்கவும் துவாதசிச் சமையலுக்கு அடுப்பு மூட்டவும் யாராவது தங்கியாக வேண்டும். எப்போதும் அவர்தான் தங்கினார். கலசத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புவார்.

சென்ற ஆண்டு, அடுப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பெண்கள் அவரை வரிசைக்கு அனுப்பினார்கள். அது ஊரிலேயே முடிவானதால், யாத்திரை தொடங்கும் ஆளந்தியில் புறப்பட்ட நாளிலேயே அவர் பல்லில் புகையிலைப் பொடி தேய்ப்பதை விட்டுவிட்டார். பாதி வழியில் கன்னம் வீங்கிவிட்டது.

"பல்லு வலின்னா கொஞ்சம் தேச்சுக்கக் கூடாதா தாயே?" என்று கேட்டேன்.

"இந்தக் கறுத்த வெரலோட போயி அவன் காலத் தொடச் சொல்றீங்களா? நீங்க வேற, பேசாம நடங்க."

ஏகாதசியன்று வீணை சுமப்பது என் முறை. நம்மவர்கள் நின்ற வரிசையின் ஓரமாக, மூங்கில் தடுப்பை ஒட்டி அதை மீட்டிக்கொண்டு நடந்தேன். உபவாசமும் வெயிலும் சேர்ந்து கண் இருட்டிச் சாய்ந்தேன். வரிசையை விட்டுத் தடுப்புக்கு அடியில் குனிந்து வந்த தோண்டாபாய் வீணையைப் பிடித்தார். என்னைப் பிடிக்கவில்லை. என் நெற்றியில் தையல் போட்ட மருத்துவச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன். அவருடைய இரண்டு கைகளும் எதில் இருந்தன என்பதற்கு அதுவே சான்று.

என்னைச் சிகிச்சைக் கூடாரத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். அதன்பின் நடந்ததை, பக்கத்தில் நின்ற சரசாபாய் கைநாட்டு வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"கெழவி, எடத்த விட்றாதே, உள்ள வா," என்றார் காவலர். "ஆனா அது உள்ள வராது. கீழ வச்சுட்டு வா."

"கீழ வைக்கக் கூடாதுங்க ஐயா."

"அப்ப வரிசை போயிரும்."

"போகட்டுங்க. அவன் எங்க போயிறப் போறான், நின்ன எடத்துலதான நிக்கிறான்."

நம் ஆண்கள் தரிசனம் முடித்துத் திரும்பும்வரை அவர் உட்காரவில்லை. கோபுரம் தெரிந்த பக்கமாகத் திரும்பி நின்று, தந்தியைத் தனக்குத் தெரிந்தவரை தட்டிக்கொண்டே இருந்தாராம்.

கூட்டத்தில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஆணையும் பெண்ணையும் 'தாயே' என்று அழைப்பது நம் வழக்கம். அன்று தாங்கள் பெயர் சொல்லி அழைத்தீர்கள்.

"தோண்டாபாய், வீணையக் கழுத்துல மாட்டச் சொல்லி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க தாயே. விழுந்துச்சு, புடிச்சேன்."

"புருசன் விழுந்திருந்தாகூட இப்பிடி ஓடியிருக்க மாட்டா," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். சிரித்தார்கள்.

"அவரு விழுந்தா அவரே எந்திரிச்சுக்குவாருங்க," என்றார் தோண்டாபாய்.

அதற்கும் சிரித்தார்கள். பிறகு தாங்கள், உரியவர் கையில் இல்லாத வீணை தரையில் கிடந்த வீணைக்குச் சமம் என்றீர்கள். துளசி மாடம் வேறொருவர் தலைக்குப் போனது.

வீடு திரும்பும் வழியில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அத்தன பேரு நடந்த நடை என்னால பாழாப் போச்சா, தாயே?" இல்லை என்றேன். "நீங்க சொல்வீங்க. அவங்க சொல்லணுமே. இனிமே நான் வரல. என் நெழலு ஒங்க யாத்திரை மேல விழ வேணாம்."

இதோ அடுத்த ஆஷாடம் நெருங்குகிறது. சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பு மூட்டையில் முடிந்தபடியே தொங்குகிறது. பல்வலி இன்னும் தீரவில்லை. புகையிலைப் பொடியை அவர் தொடவுமில்லை. வர மாட்டேன் என்று சொன்ன ஒருவர் விரலை ஏன் சுத்தமாக வைத்திருக்கிறார் என்பதைத் தாங்கள் யோசிக்க வேண்டும்.

ஆகவே, வீணை தரையைத் தொடவில்லை என்றும், அதைத் தாங்கியவர் தோண்டாபாய் மாருதி கோரே என்றும், இந்த ஆண்டு வரிசையில் அவருக்கு இடம் உண்டு என்றும், குழு ஆளந்திக்குப் புறப்படுமுன் தங்கள் கையொப்பத்துடன் பதில் வேண்டும். அதை அவருக்கு நான் படித்துக் காட்டுவேன். வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் ஏற்க இயலாது, எழுத்தில் தருக.