அண்டா விழுந்த வீட்டுக்கு ஒரு பயணம்

2001 அக்டோபர், முதல் சனிக்கிழமை. காலை 5.40க்குப் பொதட்டூர்பேட்டையில் திருத்தணி பஸ் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். கோயிலுக்கா என்று நடத்துநர் கேட்டார். கும்மிடிப்பூண்டிக்கு என்றேன். அந்தப் புகையூரில் என்ன வேலை என்பதுபோல் பார்த்துவிட்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.

என் தங்கை கஸ்தூரியையும் அவளுடைய ஐந்து மாதக் குழந்தை பவித்ராவையும் ஒரேயடியாக என் வீட்டுக்கு அழைத்து வரத்தான் புறப்பட்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன் இரவு எட்டரை மணிவாக்கில் நிலம் நடுங்கியதே, அன்று அவள் வீட்டுப் பரணிலிருந்து பித்தளை அண்டா ஒன்று நேராகக் குழந்தையின் தூளியில் விழுந்தது. தெய்வாதீனமாகக் குழந்தை அப்போது தூளியில் இல்லை. தொலைபேசியில் இதைச் சொன்னவள், "இந்த ஊட்ல இனிமே கண்ணு மூட முடியாது. வந்து கூட்டிக்கினு போண்ணா" என்று அழுதாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது.

7.05க்குத் திருத்தணியில் சென்னை ரயில். 9.20க்கு சென்ட்ரல். அங்கே இட்லி தின்றேன். சாம்பார் தண்ணீரைவிடக் கொஞ்சம் கெட்டி. 10.15க்குக் கும்மிடிப்பூண்டி வண்டி. நாற்பத்தெட்டு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். எண்ணூரில் உப்புக் காற்று, அத்திப்பட்டில் சாம்பல், மீஞ்சூர் தாண்டியதும் பச்சை வயல் என்று மூக்கை வைத்தே ஊரைச் சொல்லிவிடலாம்.

எதிரே ஓர் இரும்பு ஆலைத் தொழிலாளி, பகல் ஷிப்டுக்குப் போகிறவர். அன்று நடுங்கியபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"இன்னா செய்றது? நான் சோறு துன்னுகினு இருந்தேன். எங்க ஊடு தெனம் ஆடுது சார். பக்கத்து யார்டுல ஸ்கிராப் லாரி கொட்னாலே ஜன்னலு கடகடன்னும். அன்னிக்கும் லாரின்னு நெனச்சி ரசம் ஊத்திக்கினேன். மறுநாளு பேப்பர பாத்துதான் எனக்கே தெரியும்."

11.50க்குக் கும்மிடிப்பூண்டி. ஷேர் ஆட்டோவுக்கு மூன்று ரூபாய். கஸ்தூரி குடியிருப்பது மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்காரர் ஜமீலா. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். கணவரின் இறால் வியாபாரத்துக்காக ஆறு வருஷம் குஜராத்தில் இருந்துவிட்டு, இந்த ஜனவரியில் அங்கே பூமி குலுங்கிய பிறகு ஊர் திரும்பியவர்கள்.

கஸ்தூரியின் கணவர் தனசேகர் ரசாயன ஆலையில் ஆபரேட்டர். என்னைக் கண்டதும், "வாங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அறையில் மூட்டை கட்டியிருந்தது. அவருக்கு வேலையை விட்டு வர முடியாது. இவள் கிளம்பினால் குடும்பம் இரண்டு ஊராகும்.

அன்று நடந்ததைக் கஸ்தூரிதான் சொன்னாள். இந்த ஊரில் ரசாயன ஆலைக்காரர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் ஆணியில் எப்போதும் ஒரு துண்டு தொங்கும். ஆலையில் ஏதாவது வெடித்தால் துண்டை நனைத்து மூக்கைப் பொத்து, ஜன்னலைச் சாத்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார், காற்றுக்குக் குறுக்கே ஓடு. ஆலையில் சொல்லிக் கொடுத்ததை மாப்பிள்ளை வீட்டிலும் மாதம் ஒருமுறை ஒத்திகை பார்ப்பார். அன்று தரை உறுமிப் பாத்திரம் குலுங்கியதும், "யூனிட் வெடிச்சிருச்சு, கேஸு கேஸு" என்று கத்தியிருக்கிறார். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, இவளை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, காற்றுப் பார்க்க மொட்டைமாடிக்கு ஓடிவிட்டார்.

"பூமி ஆடச் சொல்ல மொட்டமாடி மேல ஏறுன மனுசன் ஒலகத்துலயே இவுரு ஒருத்தருதாண்ணா" என்றாள் கஸ்தூரி. அழுகைக்கு நடுவே அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூக்கைப் பொத்தத்தான் குழந்தையைத் தூளியிலிருந்து தூக்கினாள். தூக்கி நாலு அடி நகர்வதற்குள் அண்டா விழுந்தது. ஆக, மாப்பிள்ளையின் தப்பான ஒத்திகைதான் குழந்தையைக் காப்பாற்றியது. அவரைத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

அண்டா மூலையில் கிடந்தது. புரட்டினேன். கழுத்தில் என் பெயர். நான் செய்த சீர். போன வருஷம் பால் காய்ச்சிக் குடிபுகுந்த அன்று அதைப் பரணில் ஏற்றியவனும் நான்தான். உள்ளே தள்ளி வைத்தால் யார் கண்ணுக்கும் படாதே என்று, பெயர் பொறித்த பக்கம் வெளியே தெரிய, விளிம்பில் வைத்தேன். அண்ணன் சீர் என்று வருகிறவர்கள் படிக்க வேண்டுமாம். என் பவிசு ஐந்து மாதமாகக் குழந்தையின் தலைக்கு நேரே உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டில் அன்று யாராவது என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மதியம் ஜமீலா மீன்குழம்போடு மேலே வந்தார். மூட்டையைப் பார்த்தார்.

"இன்னாமா, கெளம்பிட்டியா? நாங்களும் இப்டிதான் பேஜாராயி ஓடியாந்தோம். வந்து எட்டு மாசம்கூட ஆவல, இங்கயும் ஆடிச்சி. நீ ஊட்ட காலி பண்ணா பூமி உன் பின்னால வராதா?"

"கொழந்தய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது அக்கா?"

"ஊட்டுல மேலேர்ந்து எது வுயும், எது வுயாதுன்னு பாரு. அங்க எங்க சந்துல அடிபட்டதுல பாதி, படிக்கட்டுல முட்டி மோதி ஓடுனதுங்க. ஆடச் சொல்ல ஓடாத. கட்டிலுக்குக் கீய பூந்துக்க, கொயந்தய நெஞ்சோட அணைச்சிக்க, தலைய மூடிக்க. நின்னப்பறம் எறங்கி வெட்டவெளிக்குப் போ. சொவத்தாண்ட நிக்காத, கரண்டு கம்பி கீய நிக்காத."

தனசேகர் ஆலையில் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டு வந்திருந்ததைத் தயங்கியபடி சொன்னார். நம் பக்கம் பெரிய நடுக்கம் அபூர்வம்; அதற்காக வரவே வராது என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. ஏரியைத் தூர்த்துப் போட்ட மனையில் ஆட்டம் கூடுதலாகத் தெரியும். இந்த வீடு கெட்டித் தரையில் நிற்கிறது, தூண் இருக்கிறது, விரிசல் இல்லை.

"அப்ப ஊடு நல்ல ஊடுதான். நாமதான் சரியா வெக்கல" என்றாள் கஸ்தூரி. குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "பரண காலி பண்ணுங்க. தூளிய மாத்திக் கட்டுங்க. இன்னிக்கு ராத்திரி படுத்துப் பாக்கறேன். தூக்கம் வரலன்னா காலைல அண்ணன்கூட கெளம்பிடுவேன்."

பகல் மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். மாப்பிள்ளை லேத் பட்டறைக்குப் போய் இரண்டு இரும்புப் பட்டை வளைத்து வந்தார், இருபத்திரண்டு ரூபாய். பீரோவைச் சுவரோடு திருகினோம். சீர்ப் பாத்திரம் எல்லாம் கட்டிலின் தலைமாட்டில் தரைக்கு இறங்கியது. கட்டிலுக்கு அடியை ஆள் புகக் காலியாக விட்டோம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் சும்மா அடுக்கியிருந்த செங்கல்லை நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே இறக்கினேன். ஜமீலா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்தக் கல்லு எட்த்தியா? அந்தத் தொட்டி?" என்று மேஸ்திரி வேலை பார்த்தார். பரணுக்கும் ஜன்னலுக்கும் எட்டாத இடத்தில் புதுக் கொக்கி அடித்துத் தூளி கட்டினோம். டார்ச், குடிதண்ணீர், செருப்பு மூன்றும் கட்டிலோரம் வந்தன. கேஸ் சிலிண்டரை மூடும் திருகை இருட்டிலும் தடவிப் பிடிக்க இருவரும் பழகினார்கள். கடைசியில் ஒத்திகை. நான் கைதட்ட, புருஷனும் பெண்டாட்டியும் குழந்தையோடு கட்டிலுக்கு அடியில் புகுந்தார்கள். பவித்ரா உள்ளேயிருந்து கெக்கலி கொட்டியது.

ஞாயிறு காலை ஏழு மணி. பக்கத்து யார்டில் லாரி இரும்பைக் கொட்டியது. ஜன்னல் நடுங்கியது. நான்தான் துள்ளி எழுந்தேன். கஸ்தூரி பாயில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குகிறாள் என்றார் மாப்பிள்ளை. எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜமீலா வீட்டு நாஷ்டாவை முடித்துக்கொண்டு, 9.10 வண்டியில் தனியாகக் கிளம்பினேன். மனசு நிறைந்திருந்தது.

மாலை நான்கு மணிக்கு வீடு வந்தேன். "எங்க, கஸ்தூரி வரலியா?" என்று என் மனைவி ஏமாற்றத்தோடு கேட்டாள். அவர்களுக்காகப் பின்னறையை ஒழித்துக் கழுவி வைத்திருந்தாளாம். போய்ப் பார்த்தேன். மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர். உத்தரத்திலிருந்து மூலைவரை ஒரு விரிசல், உள்ளங்கை நுழையும். இத்தனை வருஷமாக அதில்தான் நான் ரேஷன் கார்டைச் செருகி வைக்கிறேன். அதன் கீழே சுவரை ஒட்டிப் பாய், பாயின்மேல் குழந்தைக்கு ஒரு சின்னத் தலையணை.