துக்க வருடத்தில் ஒரு பிரேக் குழாய்

நிர்மலாதேவிக்குக் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஊர் குடிக்கிற தண்ணீரைச் சோதித்து நல்லது கெட்டது சொல்வது அவள் பொறுப்பு. அங்கே அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. பெர்மாஸ் ஜெயா குடியிருப்பில் இருக்கும் தன் வீட்டுக்குள் காலை வைத்தால் அந்தக் குரல் பாதியாகிவிடும். கல்யாணமாகாத மூத்த பெண் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால், "இந்த வாய்க்குத்தான் ஒண்டும் அமையேல்லை" என்று சொந்தக்காரர்கள் முடித்துவிடுவார்கள்.

அப்பா கனகசுந்தரம் இறந்தபோது அவருடைய பழைய கார் தம்பி லக்ஷ்மனிடம் வந்தது. சில மாதங்களில் பிரேக் பெடல் பஞ்சுபோல இறங்க ஆரம்பித்தது. அக்காவும் தம்பியும் தம்போய் பகுதியில் தெரிந்த மெக்கானிக் செல்வாவின் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள்.

செல்வா முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டான்.

"அக்கா, இங்க பாருங்க. பிரேக் எண்ணெய் பால் ஊத்தாத கோப்பி-ஓ மாதிரி கறுத்துப் போச்சு. எண்ணெய் போற ரப்பர் ஹோஸ் புள்ளத்தாச்சி வயிறு மாதிரி உப்பியிருக்கு. பழைய எண்ணெய் எல்லாத்தையும் வெளியேத்திட்டுப் புதுசு ஊத்தணும். ஹோஸையும் இரும்புப் பின்னல் போட்டதா மாத்திடலாம். அது உப்பாது."

"மாத்து பாஸ். அப்படியே எனக்கும் ரெண்டு போட்டு விடு, வயசாகுதுல்ல" என்றான் லக்ஷ்மன்.

அதற்குள் அம்மா இராசம்மாவின் தொலைபேசி வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவள் குரல் இறுகியது. "அப்பாட ஆட்டைத் திவசம் முடியேல்லை. அதுக்குள்ள அவர்ட காருக்குப் புதுசா ஒண்டும் பூட்டக் கூடாது, பிள்ளை."

இறந்தவருக்கு ஒரு வருடம் நிறைந்து ஆட்டைத் திவசம் கொடுக்கும்வரை வீட்டுக்குப் புதிய பொருள் வரக்கூடாது. சேலையும் சட்டியும் காத்திருக்கலாம். பிரேக்குக்கும் அதே சட்டத்தை நீட்டினாள் அம்மா.

"அலமாக்! ஆர்டர் வந்தாச்சு" என்று சிரித்தான் லக்ஷ்மன். "எண்ணெயை மட்டும் மேல கொஞ்சம் ஊத்தி விடு பாஸ். பழசோட கலந்துட்டா புதுசு கணக்குல வராது."

செல்வா அவனைப் பார்க்கவில்லை. "அக்கா, நீங்க சொல்லுங்க."

நிர்மலாதேவிக்குத் தெரியும். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கிக் கொடுக்கும்; பெடலை எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் நிற்காது. உப்பிய ரப்பர் ஒருநாள் வெடித்தே தீரும். தெரிந்திருந்தும், "அம்மா சொன்ன மாதிரியே செஞ்சிடுங்க" என்றாள்.

ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. தாய்வீட்டுக்குப் போயிருந்த மனைவி தர்மினியை அழைத்துவர லக்ஷ்மன் லாயாங் லாயாங் என்ற ஊருக்குக் கிளம்பினான். எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு இறக்கத்தில், குலை ஏற்றி நின்ற லாரியின் பின்புறத்தில் கார் புகுந்தது. ஹோஸ் வெடித்திருந்தது. அவன் மருத்துவமனைக்குப் போய்ச் சேரவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குச் சொந்தம் கூடிய அன்று, ரப்பரைப் பற்றி யாரும் பேசவில்லை. இராசம்மாவின் தங்கை புஷ்பவள்ளி கூடத்தில் உட்கார்ந்து, சமையலறைக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "அவள் காலடி வைச்ச நேரம். முதல்ல மாமனாரைத் திண்டாள், இப்ப புருஷனையும் திண்டுட்டாள்."

உள்ளே பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த தர்மினியின் கை நின்றது. படித்தவர்கள், பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், கூடம் நிறைய இருந்தார்கள். ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! வெடித்த ரப்பருக்கு ஒரு பெண்ணின் ஜாதகத்தில் காரணம் தேடுவதில் அவர்களுக்குக் கூச்சமே இல்லை. வாரக்கணக்கில் இதே பேச்சுத்தான். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் தப்பிப்பாள், ஆனால் அம்மா உடைந்துபோவாள் என்று நிர்மலாதேவியும் அத்தனை நாளும் விழுங்கிக்கொண்டே இருந்தாள். அன்று முடியவில்லை.

"போதும் சின்னம்மா. தம்பியைக் கொன்னது ஹோஸ். மாத்தணும்னு பட்டறையில சொன்னாங்க. ஆட்டைத் திவசம் முடியட்டும்னு அம்மா சொன்னாங்க. எல்லாம் தெரிஞ்ச நான் வாயை மூடிக்கிட்டேன். தர்மினி என்ன செஞ்சா?"

"பெத்த தாயைக் கொலைகாரி எண்டு சொல்லுறியோ!" புஷ்பவள்ளி எழுந்துவிட்டாள்.

"இரு" என்றாள் இராசம்மா. நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவள் சொல்லுறது சரிதான். பொலிஸ் வந்து சொன்ன அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது."

தர்மினி ஈரக் கையோடு வாசலில் நின்றாள். "தெரிஞ்சுமா மாமி? தெரிஞ்சுமா இவங்க என்னைப் பேசுறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க?" பிறகு நிர்மலாதேவியிடம் திரும்பினாள். "நீங்களும்தானே, அக்கா?"

அன்றே துணிகளை எடுத்து வைத்தாள். தன் காரில் கொண்டுபோய் விடுவதாக நிர்மலாதேவி சொன்னாள்.

"உங்க கார் பிரேக் பாத்தாச்சா?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. உயிருக்குப் பயந்து கேட்ட கேள்வி. நிர்மலாதேவி கையிலெடுத்த சாவியைத் திரும்ப வைத்தாள். தர்மினி தன் அண்ணனை வரவழைத்துப் போனாள். அதன்பிறகு அழைத்த அழைப்புகள் எதையும் அவள் எடுக்கவில்லை.

மறுவாரம் நிர்மலாதேவி தன் கார்ச் சாவியை எடுத்தபோது, எங்கே என்று கேளாமலே இராசம்மா வந்து ஏறிக்கொண்டாள். மகனுக்கு ஆட்டைத் திவசம் வர இன்னும் பத்து மாதத்துக்கு மேல் இருந்தது.

பட்டறையில் செல்வா அவள் காரின் நான்கு சக்கரத்துக்கும் புதிய பின்னல் ஹோஸ் பூட்டினான். பிறகு காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, "மிதிங்க அக்கா... பிடிங்க... விடுங்க" என்றான். அவள் மிதிக்க மிதிக்க, சின்னக் குழாய் வழியே போத்தலில் கறுப்பு எண்ணெய் விழுந்தது. கறுப்பு பழுப்பாகி, பழுப்பு தேன்நிறமாகி வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த இராசம்மா போத்தலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெளிஞ்சிடுச்சு. போதும்" என்றான் செல்வா.

"இன்னும் கொஞ்சம் போகட்டும், தம்பி" என்றாள் இராசம்மா.

நிர்மலாதேவி மறுபடியும் பெடலை மிதித்தாள்.