அளவு நோட்டில் ராஜியின் பக்கம்

ராஜேஸ்வரி இறந்த செய்தியை ஜெராமிலிருந்து அவள் தம்பி கொண்டுவந்தான். கோல சிலாங்கூரில் என் தையல் கடை வாசலில் லோரியை நிறுத்திவிட்டு, "ராஜிக்கா தவறிட்டாங்க. துணி உடுத்திவிட நீங்க வரணும்" என்றான். அவன் கையில் அவளுக்கு நான் தைத்த பச்சை இரவிக்கை இருந்தது.

தோட்டத்துத் திருவிழாக்களில் நாடகம் பார்த்தவர்களுக்கு அவளைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உலு யாம் வரைக்கும் போய் நடித்தவள். வசனம் மறந்தால் எதிரில் நிற்பவனைத் திட்டியே சமாளித்துவிடுவாள், நீங்களும் கைதட்டுவீர்கள். பிறகு தோட்டத்து லயவீடுகளுக்கெல்லாம் வீடியோ டேப் வந்தது, கூட்டம் கரைந்தது. "படத்துல வர்றவ மாதிரி இல்லன்னா எவன் லா உக்காந்து பாப்பான்?" என்றார் நாடகக் குழுத்தலைவர். கோலாலம்பூரில் ஓர் அழகு மருத்துவரிடம் அவரே கூட்டிப்போனார். மார்பில் சிலிக்கோன் பை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஆயுசுக்கும் இருக்கும் என்றார்களாம். பொய் சொல்லவில்லை.

முதல் வருஷம் சிரித்துக்கொண்டே அளவு கொடுத்தாள். அடுத்த வருஷம் இரண்டு பக்கமும் பச்சை மாங்காய்போல இறுகிவிட்டன. குப்புறப் படுக்க முடியாது, கையைத் தூக்கி ஆட முடியாது. பையை வைத்தவரோ தேய்த்துவிட்டால் சரியாகும் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். "வலிக்குதுன்னா எங்க வலிக்குதுன்னு கேப்பாங்கக்கா. அத எப்படி வாயால சொல்றது?" என்றாள்.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லாததால் தனித்தனியாக அளந்து நோட்டில் குறித்துவைப்பேன். ஒருமுறை இடப்பக்கம், அக்குள் ஓரத்தில், அளவு நாடா ஏதோ ஒன்றின்மேல் ஏறி இறங்கியது. "பைதான் இறுகுது" என்றாள். நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன். அந்தப் பக்கத் தையலை மட்டும் அரை அங்குலம் பிரித்துவிட்டேன். அடுத்த திருவிழாவுக்கு இன்னும் அரை அங்குலம், அதற்கடுத்ததற்கு மறுபடியும் அரை. மேடையில் யாருக்கும் தெரியவில்லை. "உங்க கை இருக்கும்போது எனக்கு டாக்டர் எதுக்குக்கா?" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

கடைசியில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். புற்றுநோய், எலும்புவரை போய்விட்டது என்றார்கள். பையால் வந்ததா என்று கேட்டேன். அது தெரியாது, ஆனால் பை கட்டியை மறைத்துவிட்டது என்றார் டாக்டர். "இவ்வளவு நாள் யாருமே தொட்டுப் பாக்கலயா?" என்றும் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இழவு வீட்டில் குழுத்தலைவர் பெரிய மாலையோடு வந்து, "கலைக்காகவே வாழ்ந்தவ" என்றார். அவர் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். எந்த வாயால் துப்புவது? உள்ளே பச்சை இரவிக்கையை உடுத்திவிட்டேன். உடம்பு உருகிப்போயிருந்தது. நான் பிரித்துவிட்டதெல்லாம் அவள்மேல் தொளதொளவென்று கிடந்தது.

அவள் நினைவாக என்னிடம் இருப்பது அளவு நோட்டில் ஒரு பக்கம். வலது மார்பின் அளவு கடைசிவரை மாறவில்லை. இடதின் அளவு மூன்று முறை கூடியிருக்கிறது. மூன்றும் என் கையெழுத்து.