எழுதாத மஞ்சள் சீட்டு

நேற்றுவரை என் பர்ஸில், ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால், ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது. பின்பக்கம் பசை தடவி, ஒட்டியும் எடுத்தும் வைக்கிற வகை. பசை காய்ந்து, நிறம் வெளிறி, ஓரம் நைந்துபோயிருந்தது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. ஓசூரில் எங்கள் மேடம் பலகையில் ஒட்டிய சீட்டு அது. வெற்றுச் சீட்டை ஒருவர் எதற்காக ஒட்டுவார் என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். போன வாரம்தான் விளங்கியது.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் பத்தாண்டின் நடுப்பகுதி அது. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டர் கற்று, மாடியில் இருந்த மென்பொருள் அறைக்கு ஏறியவன் நான். நட்டு முறுக்கும் இயந்திரம் தரும் அளவைப் பார்த்து, பாகம் தேறியதா இல்லையா என்று முடிவு செய்யும் புரோகிராம் என் பொறுப்பு. அதன் விதிகளில் பாதியை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. உதாரணமாக, மார்கழிக் குளிரில் இயந்திர எண்ணெய் இறுகிவிடும். காலை ஷிப்டின் முதல் பத்து பாகங்களை மறுபடி சோதிக்காமல் விடக் கூடாது. இது எனக்கு மட்டுமே தெரியும். அப்படி இருக்கும்வரை என்னை யாரும் திரும்ப லைனுக்கு இறக்கிவிட முடியாது என்று நம்பினேன். டிப்ளமோக்காரனுக்கு வேறு என்ன பிடிமானம் இருந்தது?

எங்கள் அறைக்குத் தலைமையேற்க வந்த மேடம் என்னைவிட இரண்டு வயது இளையவர். பெங்களூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருவார். வந்த முதல் வாரமே சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி நான்கு கட்டம் போட்டார்: செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது, தடை. எங்கள் ஒவ்வொரு வேலையும் ஒரு மஞ்சள் சீட்டாகி அதில் ஏறியது. காலை ஒன்பது மணிக்கு அதன் முன் கால்மணி நேரம் எல்லோரும் நிற்க வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எது தடுக்கிறது என்று மூன்று கேள்விகள். இதற்கு அஜைல் என்று பெயர் சொன்னார். எனக்கு அது தொழிற்சாலை கேட்டில் எடுக்கும் ஆஜர் போலத்தான் தெரிந்தது. நாங்கள் பேசப்பேச அவர் ஒரு சின்ன டைரியில் குறித்துக்கொண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்து நாற்காலி பாகலூர்க்காரர் காதருகில் வந்து, "அண்ணா, அந்தம்மா டைரில நம்ம பேரத்தான் எழுதுது. யார வெச்சுக்கலாம், யாரக் கழட்டிவிடலாம்னு கணக்கு. பாத்து இருந்துக்கோ" என்றார். நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

அடுத்து டெஸ்ட் வந்தது. புரோகிராமை எழுதும் முன்பே அதைச் சோதிக்கும் டெஸ்ட்டை எழுத வேண்டும். புரோகிராம் இன்னும் இல்லாததால், ஓட்டினால் திரையில் சிவப்பு வரும். பிறகு புரோகிராமை எழுதி அதைப் பச்சையாக்க வேண்டும். கேட்க எளிதுதான். ஆனால் அந்த அறையில் இருந்த நாங்கள் ஆறு பேரும் லைனிலிருந்து வந்தவர்கள். அங்கே சிவப்பு விளக்கு எரிந்தால் லைன் நின்றுவிடும். ஐந்து நிமிடத்தில் சூப்பர்வைசர் வருவார், சாயங்காலம் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். சிவப்பு என்றாலே எங்களுக்குத் தண்டனைதான். அதனால் அவருக்குத் தெரியாமல் புரோகிராமை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதாக டெஸ்ட்டைப் பின்னால் எழுதினோம். "எப்படி சார், எல்லாருக்கும் எடுத்த எடுப்புலயே பச்சை?" என்று மேடம் கேட்டால், ஒன்றும் அறியாத முகத்தோடு நிற்போம்.

நான் ஒரு படி மேலே போனேன். குளிர்காலை விதிக்கு ஒரு டெஸ்ட் எழுதி, நல்ல பெயர் வைத்து, உள்ளே எதையுமே சோதிக்காமல் விட்டேன். எப்போது ஓட்டினாலும் பச்சை. என் தலையில் இருப்பதை உருவிக்கொண்டு என்னை அனுப்பிவிடலாம் என்று பார்த்தால், அதற்கு நான் ஆளில்லை.

ஒருநாள் கேன்டீனிலிருந்து திரும்பினால் மேடம் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "ஸ்வல்ப பாருங்க சார்" என்றார், கன்னடம் கலந்து. "உங்க விதிய நான் தலைகீழா மாத்திட்டேன். முதல் பத்து பீஸ் சோதிக்காமயே போகுது. உங்க டெஸ்ட் இன்னும் பச்சைங்குது." குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிறகு கேட்டார்: "கீழ லைன்ல சிவப்பு எரியலன்னா எல்லாம் சரியா இருக்குன்னு எப்படி நம்புவீங்க?"

யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். "ஷிப்ட் ஆரம்பத்துல ஒரு பட்டன் இருக்கும் மேடம். அத அமுக்கி எல்லா வெளக்கயும் எரியவெச்சுப் பாப்போம். செவப்பு எரியுதான்னு பாத்துட்டுத்தான் வேலயே."

"அதத்தான் சார் மூணு மாசமா நானும் சொல்றேன்."

அன்றிலிருந்து ஒழுங்காக எழுதினேன். முதலில் சிவப்பு, பிறகு பச்சை. தலையிலிருந்த விதிகள் ஒவ்வொன்றாக டெஸ்ட்டாகின. வேலை நன்றாக நடந்தது, அதை மறுக்க மாட்டேன். பழைய புரோகிராமில் கை வைக்கப் பயந்த நாங்கள் பயமில்லாமல் மாற்றினோம். ஆனாலும் என் கண் அந்த டைரியை விட்டு அகலவில்லை.

பிறகு ஒரு காலை, 'தடை' கட்டத்தில் மேடம் ஒரு வெற்றுச் சீட்டை ஒட்டியிருந்தார். எல்லோரும் பேசி முடித்ததும் பாகலூர்க்காரர் விளையாட்டாகக் கேட்டார்: "உங்களுக்கு எதுனா தடையா மேடம்?" அதுவரை அவரை யாரும் அப்படித் திருப்பிக் கேட்டதில்லை. மேடம் பேனா மூடியைக் கழற்றினார், பலகையைப் பார்த்தார், மூடியைத் திரும்பப் போட்டார். "ஒண்ணும் இல்ல" என்றார். சாயங்காலம் சீட்டு கீழே விழுந்து கிடந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. மென்பொருள் வேலை முழுவதும் பெங்களூர் அலுவலகத்துக்குப் போகிறது. அதை ஒப்படைக்க இரண்டு நாள்தான் பிடித்தது, ஏனென்றால் என் டெஸ்ட்டுகளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. நான் மறுபடி லைனுக்கு இறங்கினேன். என் சந்தேகம் பலித்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்கூட இருந்தது. ஓசூரில் தன் கடைசி நாளன்று மேடம் லைனுக்கே வந்து என் பின்னால் நின்றார். இயந்திரத்தைச் சரிபார்ப்பது போல நான் திரும்பாமலே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அவர் கற்றுக்கொடுத்த வேலையை வைத்துத்தான் பின்னால் நானும் பெங்களூர் பஸ் ஏறினேன். இப்போது ஒரு குழுவுக்குத் தலைவன். போன வாரம் நிர்வாகம் என்னைத் தனியாக அழைத்து, எங்கள் வேலை வேறு ஊருக்கு மாறப்போகிறது, உத்தரவு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்றது. மறுநாள் காலை பலகை முன் நின்று, எது தடுக்கிறது என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். குழுவில் ஒரு பெண், டெஸ்ட்டில் சிவப்பையே காட்டாதவள், என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அவள் சந்தேகமும் சரிதான்.

மேடத்துக்கு அன்றே தெரிந்திருக்கிறது. எழுத வந்து, எழுத முடியாமல் போயிருக்கிறார். அவரை என்னால் முழுதாக மன்னிக்கவும் முடியவில்லை, குறை சொல்லவும் வாய் வரவில்லை.

இன்று காலை எல்லோருக்கும் முன்னால் போய், பர்ஸிலிருந்து சீட்டை எடுத்தேன். 'நம் வேலை வேறு ஊருக்குப் போகிறது. சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு' என்று அதில் எழுதினேன். பசை பிடிக்கவில்லை. செல்லோடேப் போட்டு 'தடை' கட்டத்தில் ஒட்டிவிட்டு, ஒன்பது மணிக்காக நின்றேன்.