பளபளப்பு பேன்ட்டில் இல்லை

பெங்களூர் பொம்மனஹள்ளியில் நான் வேலை பார்த்த கார்மென்ட்ஸ் கம்பெனியில் ஒரு நாள் காலை, அயர்னிங் செக்‌ஷன் கஸ்தூரி அக்காவை அவருடைய இஸ்திரி டேபிளை விட்டு நகரச் சொன்னார் மேனேஜர். ஆபீசுக்கு டிஜிட்டல் கேமரா புதிதாக வந்த காலம். முந்தின நாள் அவரே கறுப்பு பேன்ட்களைப் படமெடுத்து, சரக்கை வாங்கும் பையருக்கு மெயிலில் அனுப்பியிருந்தார். "தையல் ஓரமெல்லாம் அயர்ன் ஷைன், இந்த லாட் வேண்டாம்" என்று பதில் வந்துவிட்டது. சூடு அதிகமாகித் துணி பளபளத்துப் போவதைத்தான் அயர்ன் ஷைன் என்போம்.

"நாளையிலேர்ந்து வராதம்மா. உன் ஒருத்தியால மொத்த லாட்டும் போச்சு."

கஸ்தூரி அக்கா அசையவில்லை. "போட்டோவுல என் மூஞ்சிகூடத்தான் பளபளன்னு வருது சார். அதுக்கும் நானா இஸ்திரி போட்டேன்?"

பக்கத்து டேபிளில் சிரித்தார்கள். மேனேஜருக்குக் கோபம் கூடியதுதான் மிச்சம்.

அக்கா போட்டோவைப் பற்றிச் சொன்னது எனக்குச் சுருக்கென்று உறைத்தது. நான் மெர்ச்சன்டைசிங்கில் உதவியாளர். பையரோடு மெயில் எழுதுவது என் வேலை. ஒரு பேன்ட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பளபளப்பும் இல்லை. கைக்குழந்தையோடு தூக்கம் கெட்டிருந்த நாட்கள். என் கண்தான் சரியில்லையோ என்று இன்னொன்றை எடுத்தேன். அதிலும் இல்லை.

அந்தக் கேமராவில் ஃபிளாஷ் தானாக அடிக்கும். எங்கள் வீட்டுக் கேமராவும் அப்படித்தான்; தூங்கும் மகளைப் படமெடுக்கப் போய், வெளிச்சத்தில் அவள் வீறிட்டு எழுந்த பிறகு, ஃபிளாஷை அணைக்கக் கற்றிருந்தேன். மின்னல் குறி போட்ட பட்டனை, மின்னலுக்குக் குறுக்கே கோடு வரும்வரை அழுத்த வேண்டும். அழுத்தி எடுத்தேன். படம் கலங்கலாக வந்தது. அடுத்ததும் அப்படியே. ஃபிளாஷ் இல்லாவிட்டால் கேமராவுக்கு வெளிச்சம் வாங்க அதிக நேரம் வேண்டும், கை ஆடக்கூடாது. என் கை நன்றாகவே ஆடியது.

"சும்னே டைம் வேஸ்ட் பண்றீங்க ரேவதி. நான் ஃபிளாஷ் போட்டு எடுத்தது க்ளியராத்தானே இருக்கு?" என்றார் மேனேஜர், கன்னடம் கலந்து.

"ஒரு நிமிஷம் சார்."

நூல்கண்டுப் பெட்டி மேல் கேமராவை வைத்து, டைமரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். இந்த முறை தெளிவாக வந்தது, பளபளப்பில்லாத கறுப்பு. அதே பேன்ட்டை அதே இடத்தில் ஃபிளாஷோடும் எடுத்தேன். தையல் மேடெல்லாம் வெள்ளையாக மின்னியது. இரண்டையும் பையரின் பெங்களூர் ஆபீசுக்கு அனுப்பினேன். மதியம் அங்கிருந்து ஒருவர் வந்து துணியை நேரில் பார்த்து, லாட்டை பாஸ் செய்துவிட்டுப் போனார்.

எனக்கு ஆறாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். "சரி, டேபிளுக்குப் போ. இனிமே ஹீட் பாத்து வை" என்றார் மேனேஜர் அக்காவிடம். தப்பே செய்யாதவருக்கு எச்சரிக்கை. பேன்ட் மேனேஜர் கையில்தான் இருந்தது, ஜன்னல் நாலடியில் இருந்தது. ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தோன்றாதவருக்கு, ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்க மட்டும் உடனே தோன்றியிருக்கிறது.

பேசலாமா, நம் வேலைக்கும் ஆபத்தா என்று தயங்கி, பிறகு பேசிவிட்டேன். "ஹீட்ல தப்பில்ல சார், நம்ம ஃபிளாஷ்லதான். அத அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"நீங்க சொன்னா பத்தாது மேடம்," என்றார் கஸ்தூரி அக்கா, கையைக் கட்டிக்கொண்டு. "வராதன்னு சொன்னது அவரு."

லோடு ஏற்ற லாரி வந்து நின்றது. இஸ்திரி போட இன்னும் பேன்ட்கள் மீதி இருந்தன, அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. பக்கத்து டேபிள்களிலும் வேலை நின்றது. கடைசியில் மேனேஜர் டேபிளருகே வந்து, தரையைப் பார்த்தபடி, "தப்பு போட்டோலம்மா. உன் மேல இல்ல" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் துணியை முதலில் கண்ணால் பாருங்கள். பிறகு ஃபிளாஷை அணைத்து, ஜன்னல் ஓரத்தில், கேமராவை எதன் மேலாவது வைத்து எடுங்கள். அதையும் மீறி யார் மேலாவது தப்பாகப் பழி போட்டுவிட்டால், எத்தனை பேர் முன்னால் போட்டீர்களோ, அத்தனை பேர் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.