அலமேலு அம்மாவின் திறந்த சாக்கு

ஒரு நாள் காலையில் யாருக்கோ வரிக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தபோது அலமேலு அம்மாவின் மகன் செல்வம் போன் செய்தான். "சார், அம்மா போயிடுச்சு." "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். நானும் ஒரு மனுஷன்! மலையடிவாரக் கடையை விட்டு லேசில் நகராத அலமேலு அம்மா வேறெங்கே போவார்?

அவரிடம் சாமை வாங்கியவர்களுக்கு அவரைத் தெரியும். வெள்ளிமலையில் விளைந்ததை வாங்கி, உமி நீக்கி விற்றார். பாதியைப் பெயர் அச்சிட்ட பாக்கெட்டில் போட்டுச் சென்னைக்கு அனுப்புவார். அதற்கு வரி உண்டு. மீதியைச் சாக்கிலிருந்து படியால் அளந்து உள்ளூருக்கும் மலைக்காரர்களுக்கும் கொடுப்பார். அதற்கு வரி இல்லை. அவருடைய வரி வேலையைப் பார்த்தவன் நான். என் தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

கடன் வாங்கி உமி நீக்கும் மெஷின் போட்டார். மெஷினுக்குக் கட்டிய வரியை, விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே மெஷின் இரண்டு வகைச் சரக்குக்கும் உமி நீக்கினால், வரியில்லாத விற்பனையின் பங்கைக் கழிக்கக் கூடாது. மாதாமாதம் பிரித்துக் காட்ட வேண்டும். "சாக்கு வியாபாரத்தை விட்டுடுங்கம்மா. எல்லாத்தையும் பாக்கெட்ல போட்டா மெஷினுக்குக் கட்டுன வரி முழுசா கழிவா வரும், கடனும் சீக்கிரம் அடையும்" என்றேன். விடாமல் சொல்லிச் சொல்லி அரை மனதாகச் சம்மதிக்க வைத்தேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம் அது. பாக்கெட் அச்சடிக்கச் சொல்ல இருவரும் ஜீப்பில் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினோம். வழியில் மறியல். முன்னால் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை; இறங்குகிறேன், ஏறுகிறேன், கடிகாரத்தைப் பார்க்கிறேன். அவர் பாட்டுக்கு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

கையில் கொடியோடு ஒருவன் ஜீப்பை எட்டிப் பார்த்தான். "யக்கா, நீயா? இன்னாக்கா, சாமை இனிமே பாக்கெட்லதானாமே? வூட்டுல காலைலருந்து அதே பேச்சு. பாக்கெட்டு வெல ஜாஸ்தி, கூலி வேலைக்குப் போற எங்களுக்குக் கட்டுமா?"

அவர் வெற்றிலையைத் துப்பினார். "எவன் சொன்னது? சாக்கு இருக்கும். வந்து வாங்கிக்கினு போ." டிரைவரிடம், "வண்டியத் திருப்புப்பா" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னம்மா விளையாடுறீங்களா? இதுக்கா மாடு மாதிரி உக்காந்து கணக்குப் போட்டேன்?"

"உங்க கணக்கு நேராத்தான் வருது சார். அப்பால தின்றது யாரு? அத்த சொல்லுங்க."

ஜீப் கடைக்கே திரும்பியது. கடன் இழுத்துக்கொண்டே போனது. அந்தக் கடனுக்காக அடகுக்குப் போன அவருடைய கம்மல் திரும்ப வர அதைவிட நாளானது. மாதாமாதம் முணுமுணுத்துக்கொண்டே பிரித்து எழுதினேன். "திட்டிக்கினே எழுதறீங்களா சார்? நல்லா திட்டுங்க" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு இல்லாமல் இந்த மாதக் கணக்கில் கை ஓடவில்லை.

காரியம் முடிந்த அன்று, மொட்டைத் தலையோடு செல்வம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "புது மெஷின் வாங்கலாம்னு இருக்கேன் சார். இனிமே எல்லாத்தையும் பாக்கெட்ல போட்டுட்டா மெஷின் வரி முழுசா கழிவா வருமில்ல?"

வரும். நானே சொல்லிக்கொடுத்த வழிதானே! "கணக்கு நேராத்தான் வரும்" என்று ஆரம்பித்தேன். மீதி அவருடைய பேச்சாகவே வந்து விழுந்தது: "அப்பால தின்றது யாருடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். அது என்னைச் சும்மா இருக்க விடுவதில்லை. வேலை இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் வண்டியை விடுகிறேன். கடை வாசலில் சாக்கு இருக்கிறதா என்று பார்க்கிறேன். நேற்றும் போனேன். சாக்கு திறந்துதான் இருந்தது. படியும் அதில்தான் கிடந்தது.